நல்லகாமன் போட்ட கையெழுத்து

நல்லகாமனைப் பற்றி விசாரித்தால் பரவையில் இன்றைக்கும் ஒரே செய்தியைத்தான் சொல்வார்கள். கண்மாய்க்குள் பொம்மை ஏரோப்பிளேன் விட்டு இருளாயியின் கண்ணைக் கெடுத்தவன் என்பார்கள். அது அப்படி நடக்கவில்லை என்று தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறோம். அதில் நானும் ஒருவன். நல்லகாமன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை டைப் அடித்தவனும் நான்தான்.

என் பெயர் அப்துல் வஹீது. வீடு காஜிமார் தெருவில். விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் இருந்த ஒரு நூற்பாலையில் ஆபீஸ் டைப்பிஸ்டாக இருந்தேன். நல்லகாமன் அதே ஆலையில் எலெக்ட்ரீஷியன். பரவைக்காரன். அப்பா பேயாண்டிக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. அண்ணன் அதைப் பார்த்துக்கொள்ள, இவன் ஐடிஐ படித்துவிட்டு மில்லுக்கு வந்தான். குள்ளமான ஆள், விரல்கள் மட்டும் நீளம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தை வைத்து எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். என்னை அவன் பாய் என்பான். நான் அவனை மாப்ள என்பேன். மில் கேன்டீனில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு.

எங்கள் முதலாளி தனுஷ்கோடியை எல்லோரும் சேர்மன் என்றுதான் சொல்வோம். எழுபத்தைந்தில் மெஷின் வாங்க ஜப்பான் போனவர், திரும்பி வரும்போது ரேடியோவால் ஓட்டுகிற சின்ன விமானம் ஒன்றையும் கொண்டுவந்தார். கையில் ஒரு பெட்டி. அதில் இரண்டு குச்சிகள், நீட்டி மடக்குகிற ஏரியல். குச்சியை அசைத்தால் வானத்தில் விமானம் திரும்ப வேண்டும். சேர்மனுக்கு அது திரும்பவே இல்லை. நல்லகாமனைக் கூப்பிட்டனுப்பினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் அதைப் பிரித்தான். முடி கனத்தில் இருந்த ஒரு வயர் ஈயப்பற்றிலிருந்து விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்துப் பற்ற வைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரவைக்கு மேற்கே காய்ந்து கிடந்த கண்மாயில் சேர்மன் அதைப் பறக்கவிட்டார். ஒரு நிமிஷத்துக்குள் மூக்கு குப்புற விழுந்து நொறுங்கியது. சேர்மன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிவிட்டார். நல்லகாமன் சில்லுகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். இருபது நாள் கழித்து முழு விமானமாகச் சேர்மன் மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.

"யார்கிட்டய்யா இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்று கேட்டார் சேர்மன்.

"உடைஞ்ச எடத்தப் பாத்தாத் தெரியுதுங்க சார், எப்படிச் செஞ்சிருக்கான்னு."

அப்படித்தான் எங்கள் கிளப் ஆரம்பித்தது. பல் டாக்டர் ஒருவர், டவுன்ஹால் ரோட்டில் கடை வைத்திருந்த இரண்டு பேர், காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் என்று எட்டுப் பேர் சேர்ந்தார்கள். அந்த ரேடியோப் பெட்டிகளை வைத்துக்கொள்ள வயர்லெஸ் லைசென்ஸ் வாங்க வேண்டும். இங்கிலீஷில் விண்ணப்பம் அடிக்கத் தெரிந்தவன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நல்லகாமனுக்கு 'டெக்னிக்கல் மெம்பர்' என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். சந்தா கிடையாது, கூட்டத்தில் ஓட்டும் கிடையாது. அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன் போட்டோ ஒட்டிய அந்த அட்டையைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஒரு மாதம் மில்லுக்குள் நடந்தான்.

மற்றவர்கள் விமானத்தை இறக்கும்போது நாங்கள் எழுந்து நிற்போம், உடைசலைப் பொறுக்க ஓட வேண்டுமே என்று. நல்லகாமன் இறக்கினால் யாரும் எழுந்திருக்க மாட்டோம். அவன் கை அப்படி. எல்லோருடைய விமானத்தையும் முதலில் ஏற்றிப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பதும் அவன்தான். பெங்களூர்ப் போட்டியில் சேர்மனுக்கு இரண்டு முறை பரிசு கிடைத்தது. அந்த விமானங்களைக் கட்டியவன் அவன்.

தனக்கென்று ஒன்று செய்துகொள்ள அவனுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து வருகிற, எடையே இல்லாத பல்சா மரத்தின் விலை அவனுக்கு எட்டாது. சாத்தூர்ப் பக்கம் போய், தீப்பெட்டிக்குச் சீவுகிற மெல்லிய பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தான். மூங்கில் தட்டியைப் பிளந்து ரெக்கைக்கு எலும்பு செய்தான். கம்பிகள் எல்லாம் சைக்கிள் ஸ்போக்ஸ். பல் டாக்டர் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய என்ஜினைக் கேட்டு வாங்கினான். சேர்மன் வீட்டு ஷெட்டில் செத்துக் கிடந்த ரேடியோப் பெட்டிக்கு உயிர் கொடுத்தான். அது மஞ்சள் பெட்டி.

இந்த மஞ்சளை விளக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அலை எண் உண்டு. அதை நிறத்தால் அடையாளம் வைத்திருந்தோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். ஒரே நிறத்தில் இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் ஆன் செய்தால் விமானம் இரண்டு பேர் பேச்சையும் கேட்காது, போன போக்கில் போய் விழும். அதற்காக ஒரு பலகையில் நிறத்துக்கு ஒன்றாகத் துணி காயப்போடுகிற கிளிப்புகளை மாட்டி வைத்திருந்தோம். பறக்கவிடப் போகிறவர் தன் நிறத்துக் கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் பலகையில் இல்லையென்றால் பெட்டியைத் தொடக்கூடாது. பலகைக்குக் காவல் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் வந்ததும் இருளாயியும் வந்தாள். பரவைச் சந்தையில் காய்கறி விற்கிறவள். புருஷன் இல்லை, முத்துத்தாய் என்று ஒரே மகள். ஞாயிறு காலையில் ஒரு பானை மோரும் அவித்த கடலையும் கொண்டுவந்து கருவேல மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். நல்லகாமனுக்கு ஊர் முறையில் அக்கா.

"ஏந்தம்பி, மேல போகுதே அது, நாலு மூடை கத்திரிக்காயத் தூக்கிட்டுத் திண்டுக்கல் போயிட்டு வருமா?" என்பாள்.

"அம்புட்டுத் தூரம் சிக்னல் எட்டாதுக்கா."

"அப்பப் பிரயோசனம் இல்லாததுதேன்."

ஆனால் அவன் விமானம் ஏறினால் மோர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பாள்.

எண்பத்திரண்டு ஏப்ரலில் சேர்மனின் மருமகன் சந்திரமோகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார். புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். அதுவும் மஞ்சள். அதற்கு லைசென்ஸ் கிடையாது. சுங்கத்தில் காட்டி வந்ததா என்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. காகிதம் வருகிறவரை ஆன் செய்ய வேண்டாம் என்று சேர்மனே சொல்லியிருந்தார்.

அன்றைக்கு நல்லகாமன் மஞ்சள் கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு தன் விமானத்தை ஏற்றினான். சந்திரமோகன் பலகைக்கு வந்து பார்த்தார்.

"எல்லோ எங்கே?"

"நல்லகாமன்கிட்ட இருக்கு சார். இன்னும் பத்து நிமிஷத்துல இறக்கிருவாப்ல."

"ஓகே, ஓகே," என்றபடி அவர் காரை நோக்கிப் போனார்.

விமானம் அப்போது கண்மாய்க் கரைக்கு மேலே பெரிய வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று உதறியது. ஒரு ரெக்கை தாழ்ந்தது. நல்லகாமன் இரண்டு குச்சிகளையும் மாற்றி மாற்றித் தள்ளுவதை நான் பார்த்தேன். "கேக்கல பாய், கேக்கல!" என்று கத்தினான். நான் காரின் பக்கம் திரும்பினேன். சந்திரமோகன் பானெட் மேல் பெட்டியை வைத்து, ஏரியலை முழுசாக இழுத்துவிட்டு, குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் விமானம் கூட்டத்தை நோக்கித் திரும்பிவிட்டது.

"படுங்க! எல்லாரும் படுங்க!" நல்லகாமன் பெட்டியோடு ஓடினான்.

கூட்டம் சிதறியது. இருளாயி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஓடும் என்ஜினோடு விமானம் அவள் முகத்தில் வந்து மோதியது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள். நல்லகாமன் வேட்டியைக் கிழித்து அவள் முகத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். பல் டாக்டர் காரைக் கொண்டுவந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது சந்திரமோகன் ஏரியலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர்தான் முதலில் பார்வையை எடுத்தார்.

பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் பார்த்துவிட்டு, வலது கண் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்பே, திங்கட்கிழமை காலையில், சேர்மன் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சந்திரமோகன் அங்கே இல்லை.

"போலீஸ் கேக்குது. யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும். மாப்பிள்ளை பேர் வந்தா லைசென்ஸ் இல்லாத பெட்டின்னு ஆரம்பிச்சு, கிளப்பையே இழுத்து மூடிருவாங்க. உன் பெட்டிக்கு லைசென்ஸ் இருக்கு. கை தவறிப்போச்சுன்னா ஆக்சிடென்ட். அதோட முடிஞ்சுபோகும்."

நல்லகாமன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன்னைக் கைவிட்டுருவேனா? டிசம்பர்ல பெங்களூர் போட்டி வருது. இந்தத் தடவை நீயே போய்ப் பறக்கவிடு. உன் பேர்ல."

நல்லகாமன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். "என் பேர்லயேவா சார்?"

"உன் பேர்ல."

'வஹீது, டைப் அடி,' என்றார் சேர்மன். நான் அடித்தேன். 'விமானத்தை இயக்கும்போது என் கவனக்குறைவால் கட்டுப்பாடு தவறியது, இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல.' மூன்று பிரதி. 'கவனக்குறைவால்' என்ற இடத்தில் என் விரல் நின்றது. நின்றதே தவிர, அடிக்காமல் விடவில்லை. எனக்கும் வீட்டில் ஆறு பேர் சோறு தின்ன வேண்டும் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். நல்லகாமன் மூன்றிலும் கையெழுத்துப் போட்டான்.

ஸ்டேஷனில் கேஸ் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடந்த இருளாயியே, "அவன் வேணும்னா செஞ்சான்? கை தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதேன். அவனை விட்டுருங்கய்யா," என்று போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டாள். அவள் தம்பி காளை அரிவாளோடு நல்லகாமன் வீட்டு வாசலில் வந்து நின்றதாகவும், அவள் ஆள் அனுப்பித் திட்டித் திருப்பி அழைத்ததாகவும் கேள்விப்பட்டேன். சேர்மன் ஒரு சேலையும் பழக்கூடையும் கொடுத்தனுப்பினார். சேலையை அவள் ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஜூன் மாதம் கிளப் கூட்டம் நடந்தது. விபத்துக்குக் காரணமானவர் இனி விமானம் இயக்கக்கூடாது என்று தீர்மானம். பிசிக்ஸ் வாத்தியார் முன்மொழிந்தார். அவருக்கு உண்மை தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. தெரிந்த சேர்மன் வாயைத் திறக்கவில்லை. தெரிந்த செயலாளர் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் நல்லகாமன் சேர்மன் அறைக்குப் போனான். "ஒரு வருஷம் போகட்டும்யா, பேசிக்கலாம். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை வந்து அந்தக் கிளிப் பலகையப் பாத்துக்க. வஹீதுக்கும் ஒத்தாசையா இருக்கும்," என்றாராம்.

போகாதே என்று சொன்னேன். கேட்கவில்லை. நாலு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றான். சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே ஒரு வருஷம் தங்கிவிட்ட சந்திரமோகன், காகிதம் வந்த அந்தப் புதுப் பெட்டியோடு வந்து, கையை நீட்டி, "எல்லோ," என்பார். நல்லகாமன் கிளிப்பைக் கழற்றிக் கொடுப்பான். பறந்து முடிந்ததும் திரும்ப வாங்கிப் பலகையில் மாட்டுவான். அந்த டிசம்பரில் சந்திரமோகன் பெங்களூர் போனார். நல்லகாமன் கட்டிக் கொடுத்த விமானத்தோடுதான் போனார்.

ஒருநாள் கேன்டீனில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "என்னத்துக்கு மாப்ள இந்த மானக்கேடு? வேலை போயிரும்னு பயமா?"

"வேலையா?" என்றான். "இந்தக் கைக்கு வேற மில்லு கிடைக்காதா பாய்? அன்னைக்கு அந்த ரூமுல வேலையப் பத்தி நெனைக்கவே இல்ல. அவுக பெங்களூர்னதும் எனக்கு வேற எதுவும் காதுல விழல. அந்தக்காவுக்குக் கண்ணு போயிருமான்னு இன்னும் டாக்டரே சொல்லல, எனக்கு இனிமே பறக்கவிட மாட்டாகளோன்னு இருந்துச்சு." தட்டைத் தள்ளிவைத்தான். "அதேன் போட்டேன்."

உடைந்த அவன் விமானம் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து வீட்டுப் பரணில் கிடந்தது. மறுபடி கட்டவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள், விறகு நனைந்துவிட்டதென்று அவன் பெண்டாட்டி அன்னக்கொடி ரெக்கையை ஒடித்து அடுப்பில் வைத்துவிட்டாள். அவன் பார்த்துக்கொண்டே குளிக்கப் போனானாம். அவளே என் வீட்டுக்கு வந்திருந்தபோது என் மனைவி நஜ்முன்னிசாவிடம் சொல்லி அழுதாள். "ஒரு வார்த்தை வஞ்சாருன்னாக்கூடத் தேவல," என்றாள்.

அதே நாலு வருஷமும் ஷிப்டுக்கு முன்னால் அவன் சந்தைக்குப் போவான். இருளாயிக்கு ஒரு பக்கம் பார்வை இல்லாததால் லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது தடுமாறினாள். இவன் இறக்கி, பிரித்து, தக்காளியையும் கத்திரிக்காயையும் குவித்து வைத்துவிட்டு மில்லுக்கு வருவான். முதலில் வேண்டாம் என்றவள், பிறகு அவனுக்காகக் காப்பி வாங்கி வைத்திருந்தாள். மகள் முத்துத்தாய் அவனை மாமா என்று கூப்பிட்டாள். அவள் கல்யாணத்துக்கு வயரிங், சீரியல் லைட் எல்லாம் அவன்தான். தன் வாய்க்கொழுப்பை இருளாயி விடவில்லை. "எடது பக்கமா வந்து நில்லுடா, வலது பக்கம் நின்னா யாருன்னு தெரியல," என்பாள். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

எண்பத்தாறில் மில் கதவடைப்பு. சேர்மனுக்குக் கிளப்பில் ருசி போய்விட்டது. இருந்த பெட்டிகளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கிளப்பைக் கலைக்கும் கடிதத்தை நான் அடித்த அன்றைக்கு நல்லகாமன் என் வீட்டுக்கு வந்தான்.

"பாய், நாளைக்குக் காலைல சந்தைக்கு வாங்க. அக்காகிட்டச் சொல்லப்போறேன். நான் சொன்னா, கெளப்பு மூடுனதும் சேர்மன் மேல பழியப் போடுறான்னு நெனைக்கும். பாத்தவுக நீங்க. கூட நின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"வாரேன் மாப்ள," என்றேன்.

நான் போகவில்லை. காய்ச்சல் என்று பையனிடம் சொல்லியனுப்பினேன். மில் திறந்தால் திரும்ப எடுக்கும் ஆட்கள் பட்டியலைச் சேர்மன் தயாரிக்கச் சொல்லியிருந்தார். அதில் என் பெயர் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அவன் தனியாகப் போனான். சாயங்காலம் வந்து என் 'காய்ச்சலை' விசாரித்துவிட்டு, நடந்ததைச் சொன்னான்.

மூட்டைகளை இறக்கிவைத்த பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவள் ஒரு ஆளுக்குத் தக்காளி நிறுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"அப்ப நீ செய்யல."

"இல்லக்கா."

"தெரிஞ்சேதான் எழுதிக் குடுத்த."

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"திரும்பப் பறக்கவிடுவாகன்னு."

அவள் தராசைக் கீழே வைத்தாளாம்.

"கை தவறிப்போச்சுன்னு நெனச்சுத்தேன் நாலு வருசமா உனக்குக் காப்பி வாங்கி வச்சேன். என் தம்பியத் திருப்பி அனுப்புனேன். எம் மகளை மாமான்னு கூப்பிடச் சொன்னேன். யாரும் வேணும்னு செய்யல, என் நேரம்னு கெடந்தேன். இப்ப வந்து, செஞ்சவன் ஒருத்தன் இருந்தாம்ங்கிற. அவனை எங்க போயித் தேட நான்? ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக் கெடக்கையில போலீசு வந்து எங்கிட்டக் கேட்டுச்சே, அன்னைக்கு நீ வெளிய வராண்டாவுலதான நின்ன?"

"நின்னேன்க்கா."

"போயிரு. நாளைக்கு வராத."

இதைச் சொல்லும்போது நல்லகாமன் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நஜ்முன்னிசா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "உடம்பப் பாத்துக்கங்க பாய்," என்று சொல்லிப் போனான். காய்ச்சல் பொய் என்று அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அவன் வந்தது அதுதான் கடைசி.

பிறகு குடும்பத்தோடு திண்டுக்கல் போய் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் மோட்டார் பார்க்கிற வேலையில் சேர்ந்தான். அப்பா பேயாண்டி இறந்தபோது வந்தான். காரியம் முடிந்த அன்றே கிளம்பிவிட்டான். இந்த முறை காளை அரிவாளோடு வந்து நிற்கவில்லை. ஆனால் ஊரே முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மை வெளியே வந்து அவன் பேர் சுத்தமாகவில்லை. இருளாயி அதை யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் அவன் எதிரே வந்தபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு கடந்து போனாள் என்று அன்னக்கொடி நஜ்முன்னிசாவுக்குச் சொன்னாள்.

மில் திறக்கவே இல்லை. என் பெயர் இருந்த பட்டியலால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. இப்போது கலெக்டர் ஆபீஸ் வாசலில் மெஷின் போட்டு மனு அடித்துக்கொடுக்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பரவைக்குப் போனேன். இருளாயி அதே இடத்தில்தான் கடை போட்டிருந்தாள். முடி நரைத்துவிட்டது. இடது பக்கமாகப் போய் நின்றேன்.

"என்னையத் தெரியுதாம்மா? மில்லுல இருந்த வஹீது."

"தெரியுது பாய். சொல்லுங்க."

"நல்லகாமன் சொன்னது நெசம்மா. நானும் பாத்தேன். அந்தக் காகிதத்த அடிச்சதே நான்தான். அன்னைக்கு அவன்கூட வந்து சொல்றதா இருந்தேன், வரல."

அவள் கத்திரிக்காய்களில் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இம்புட்டு நாளு கழிச்சு எதுக்கு வந்தீக?"

நான் ஒரு கத்திரிக்காயை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி குவியலில் வைத்தேன்.

"தூக்கம் வரலையாக்கும்," என்றாள். அதில் கோபம்கூட இல்லை. பிறகு கையிலிருந்த சொத்தையைச் சாக்குக்குப் பின்னால் எறிந்துவிட்டு, "காய் வேணும்னா வாங்குங்க பாய். இல்லேன்னா கொஞ்சம் நகந்துக்கங்க, பின்னால ஆளு நிக்குது," என்றாள்.

நான் நகர்ந்துகொண்டேன்.